பக்கத்து வேம்பை எதுவும் தொடவில்லை, என் மாமரத்துத் தளிர் மட்டும் ஏன் இப்படி?

கிணற்றடி

எல்லோருக்கும் வணக்கம். நத்தம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பங்கனப்பள்ளி மரம் நிற்கிறது, அப்பா வைத்தது, 22 வயது. போன வருடம் கிளை தாங்காமல் காய்த்து, மூங்கில் முட்டுக் கொடுத்தோம், தெருவில் மாம்பழம் போகாத வீடு இல்லை. இந்த வருடம் தை, மாசி முழுக்க அண்ணாந்து பார்த்ததுதான் மிச்சம், தெற்குக் கிளையில் நாலைந்து பூங்கொத்து வந்தது, அவ்வளவுதான்.

சரி, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆவணி மழைக்குத் தளிர் அள்ளிக்கொண்டு வந்தது, மரமே செம்பு நிறத்தில் தகதகவென்று இருந்தது, பார்க்கவே மனசு நிறைந்தது. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காலையில் பெருக்கப் போனால் மரத்தடி முழுக்க இலைத்துண்டு, கத்தரிக்கோல் வைத்து நறுக்கின மாதிரி நேர்வெட்டு. கிளையில் காம்போடு ஒட்டி விரல்நகம் அளவுதான் மிச்சம் இருக்கிறது. தினமும் ஒரு கூடை அள்ளுகிறேன்.

பத்தடி தள்ளி வேப்பமரம் நிற்கிறது. அதில் ஒன்றுமே ஆகவில்லை. அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது: வேம்பு கசப்பை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது என்றால், மாமரம் ஏன் அப்படி ஒன்றைச் செய்துகொள்ளவில்லை? இன்னொன்று, போன வருடம் அத்தனை காய் சுமந்து களைத்துப்போனதால்தான் இந்த வருடம் பூச்சியை எதிர்க்கத் தெம்பில்லாமல் போய்விட்டதா? பக்கத்து வீட்டு அத்தை "மரம் அசந்துபோச்சு, உரத்தை அள்ளிப்போடு" என்கிறார். மருந்துக் கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள், இன்னும் திறக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோப்புக்காரர்

வணக்கம்மா. சேலம் பக்கம் 30 வருடமாக மாந்தோப்பு வைத்திருக்கிறேன், முதலில் பூச்சியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது இலை வெட்டும் வண்டு. மிகச் சின்ன வண்டு, நீள மூக்கு. தாய் வண்டு தளிர் இலையில் நடு நரம்பை ஒட்டி முட்டை வைத்துவிட்டு, காம்புப் பக்கமாகக் குறுக்கே அறுத்துவிடும். துண்டு கீழே விழும், முட்டை பொரித்த புழு அந்தத் துண்டுக்குள்ளேயே தின்று வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். அதனால் நீங்கள் அள்ளுகிற கூடைதான் உண்மையான மருந்து, அதைக் குப்பைக் குழியில் கொட்டாமல் எரித்துவிடுங்கள், மரத்தடி மண்ணையும் லேசாகக் கொத்திக் கிளறி விடுங்கள். பாட்டிலைத் திறக்க அவசரப்பட வேண்டாம். இலை முற்றிவிட்டால் வண்டு அதைத் தொடாது.

காய்ப்பு விஷயம் வேறு. பங்கனப்பள்ளி, மல்கோவா, அல்போன்சா எல்லாம் ஒரு வருடம் அள்ளிக் கொடுத்துவிட்டு மறு வருடம் கையை விரிக்கும் இனங்கள். மா நுனியில் பூப்பது. அந்த நுனி முந்தைய மழைக்காலத்தில் துளிர்த்து, முற்றி, சில மாதம் சும்மா இருந்திருக்க வேண்டும். காய் சுமந்த நுனி அறுவடை முடியும்வரை துளிர்க்காது, சில நுனி அந்த வருடம் துளிர்க்கவே துளிர்க்காது, துளிர்த்தாலும் பிந்தி வந்த தளிர் தை மாதத்துக்கு முற்றியிருக்காது. அப்புறம் எங்கிருந்து பூக்கும்? நீலமும் கிளிமூக்கும் இந்த விஷயத்தில் பரவாயில்லை, ஏறக்குறைய வருடா வருடம் காய்க்கும். அதனால்தான் டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீலத்தையும் தசேரியையும் கலந்து மல்லிகா, அம்ரபாலி என்று இரண்டு இனம் எடுத்தார்கள். அம்ரபாலி குட்டை மரம், கட்டைக்குப் போகிற சத்து குறைவு, காய் ஒழுங்காக வரும்.

உரத்தைப் பற்றி அத்தை சொன்னதில் பாதி சரி. காய்த்து முடித்த மரத்துக்குத் தொழு உரம் வைப்பது நல்லதுதான். ஆனால் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் மரம் மறுபடி மறுபடி துளிர்த்துக்கொண்டே இருக்கும், அத்தனையும் மெத்தென்ற இலை, வண்டுக்கும் தத்துப்பூச்சிக்கும் நாமே பந்தி வைத்தது போல ஆகிவிடும். பூவும் தள்ளிப்போகும்.

இலைநரம்பு

கேள்வி அருமை. காட்டுச் செடி, பூச்சி உறவைப் படித்தவன் என்பதால் முதல் பாதியை எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேம்பை எதுவும் தொடுவதில்லை என்பது பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது தெரிகிற வேம்பு. ஓர் ஆட்டைக் கொண்டுபோய் விடுங்கள், ஆசையாகத் தின்னும். முந்திரித் தோப்பில் நாசம் செய்யும் தேயிலைக் கொசு என்ற பூச்சி வேப்பங்கொழுந்திலும் சாறு உறிஞ்சி நுனியைக் கருக்கிவிடும். பூச்சியைத் தடுக்கிற அசாடிராக்டின் என்ற புகழ்பெற்ற பொருள் வேம்பில் எங்கே அதிகம் தெரியுமா? பருப்பில். இலையில் அவ்வளவு கிடையாது. பழத்தின் சதையைக் காக்கைக்கும் மைனாவுக்கும் இனிப்பாகக் கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறை இருக்கிற கொட்டைக்குள் கடுமையான காவலை வைத்திருக்கிறது. எது போனால் நஷ்டம் அதிகமோ அங்கே செலவு அதிகம்.

மாமரமும் சும்மா இல்லை. மாங்காய்ப் பறித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், காம்பு உடைந்ததும் பீய்ச்சும் பால் தோலைப் புண்ணாக்கிவிடும். முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அதே குடும்பம்தான். கொட்டை முற்றாத வரைக்கும் புளிப்பும் பாலும், முற்றியதும் பால் வற்றி இனிப்பும் மணமும். ஒரே காய்க்குள் காவலும் இனப்பெருக்கமும் எப்படி முறை வைத்து வருகின்றன பாருங்கள்.

இலைக்கு வருவோம். உங்கள் மரம் செம்பு நிறமாக இருந்தது என்றீர்களே, கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. மாந்தளிர் ஏன் பச்சையாக வருவதில்லை? இளம் இலை மெல்லியது, அதைக் கடினமாக்கினால் விரிய முடியாது, விரியும் இலைக்கு நாரும் தடிப்பும் போட வழியில்லை. வெப்பமண்டலக் காடுகளில் ஓர் இலை தன் வாழ்நாளில் படும் கடியில் பெரும்பகுதி விரிந்துகொண்டிருக்கும் அந்தச் சில வாரத்திலேயே நடந்துவிடுகிறது. அதனால் மா போன்ற பல மரங்கள் ஒரு வேலை செய்கின்றன: பச்சையத்தையும் அதற்கு வேண்டிய தழைச்சத்தையும் இலைக்குள் உடனே வைப்பதில்லை, இலை விரிந்து விறைத்த பிறகுதான் நிரப்புகின்றன. வீட்டுக்குக் கதவு போடும் முன் நகையைக் கொண்டுபோய் வைப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி. வண்டு அறுத்துப் போட்ட துண்டில் மரம் இழந்தது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இலை இழப்பு இழப்புதான், ஆனால் முற்றிய பச்சை இலை ஒரு கூடை போயிருந்தால் இன்னும் பெரிய அடி.

சரி, எல்லா மரமும் ஏன் எல்லா இலையிலும் நஞ்சை ஏற்றிக்கொள்ளவில்லை என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த பதில் பெருவில் இக்கிட்டோஸ் நகரத்துக்கு அருகே நடந்த ஓர் ஆய்வு, 2004இல் வந்தது. அங்கே அமேசான் காட்டில் சத்தே இல்லாத வெள்ளை மணல் நிலமும் வளமான களிமண் நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றில் வளரும் மர இனங்களில் பல மற்றதில் வளர்வதில்லை. மண் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே யாரும் நினைப்போம்? அவர்கள் 20 இனக் கன்றுகளை இரண்டு மண்ணிலும் மாற்றி மாற்றி நட்டு, பாதிக் கன்றுக்கு மட்டும் பூச்சி வராமல் வலை போட்டார்கள். வலைக்குள் இருந்த களிமண் மரக்கன்று வெள்ளை மணலிலும் நன்றாகவே வந்தது, அந்த மண்ணுக்கே உரிய கன்றைவிட வேகமாக. வலை இல்லாத இடத்தில் பூச்சி தின்று தோற்றுப்போனது. அந்த மண் அதைக் கொல்லவில்லை. அந்த மண்ணில் தின்னக் கொடுத்த இலையைத் திரும்பச் செய்துகொள்ள வசதி இல்லை, அதுதான் கொன்றது. வெள்ளை மணல் மரங்கள் மெதுவாக வளர்ந்தாலும் இலையைக் காவலோடு செய்கின்றன, களிமண் மரங்கள் "தின்னுவதைத் தின்னு, நான் அதற்குள் ரெண்டு இலை விடுகிறேன்" என்று ஓடுகின்றன.

உங்கள் மாமரம் இந்த இரண்டாவது வகையின் பக்கம் சாய்ந்தது. கிணற்றடி ஈரம், கொல்லை மண், நல்ல வெயில். இலை போனால் இன்னொன்று.

கிணற்றடி

ஐயா, இலைநரம்பு அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. செம்பு நிறத்துக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை, இனி தளிரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதவும் நகையும்தான் ஞாபகம் வரும். இன்று விழுந்த துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நடு நரம்பு ஓரமாக ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னத் தடம் தெரிகிறது. எல்லாவற்றையும் எரித்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். அப்படியானால் பூச்சி, ஆடு, மாடு எதுவுமே இல்லாத இடத்தில் மரம் காவலுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை, மிச்சத்தையெல்லாம் வளர்ச்சிக்கும் காய்க்கும் போட்டு இன்னும் செழிப்பாக இருக்கும், சரிதானே?

ஆனைக்காடு

சரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கென்யாவின் லைக்கிபியாவில் கரிசல் மண் புல்வெளியில் ஒரு வேலமரம் இருக்கிறது. முள்ளின் அடி உருண்டையாக வீங்கி உள்ளே கூடாக இருக்கும், எறும்பு போட்ட துளை வழியாகக் காற்று புகுந்து சீழ்க்கை அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும். அந்த உருண்டையில் எறும்புக்கு வீடு, இலைக்காம்பில் எறும்புக்குத் தேன். பதிலுக்கு யானையோ ஒட்டகச்சிவிங்கியோ வாயை வைத்தால் எறும்புப் படை பாய்ந்து கடிக்கும். மரம் நஞ்சு செய்வதற்குப் பதிலாகக் கூலிக்குக் காவல் வைத்திருக்கிறது.

அங்கே 1995இல் பெரிய விலங்குகள் நுழைய முடியாமல் சில நிலத்துண்டுகளுக்கு வேலி போட்டார்கள். பத்து வருடத்தில் வேலிக்குள் இருந்த மரங்கள் தேனையும் வீங்கிய முள்ளையும் குறைத்துக்கொண்டன, தின்ன வருபவர் இல்லையே. இதுவரை கிணற்றடி சொன்ன கணக்கு சரி. ஆனால் கூலி குறைந்ததும் நல்ல காவல்கார எறும்பு மெலிந்துபோய், வேறொரு எறும்பு இடம் பிடித்தது. அது முள் வீட்டில் குடியிருக்காது, தண்டு துளைக்கும் வண்டு குடைந்த பொந்தில்தான் குடியிருக்கும், ஆகவே அந்த வண்டை விரட்டாது, வந்தால் அதற்கு நல்லதுதான். முடிவில் வேலிக்குள் பத்திரமாக இருந்த மரங்களைத்தான் வண்டு அதிகம் குடைந்தது, அவைதான் மெதுவாக வளர்ந்தன, அதிகம் செத்தன. 2008இல் இது வெளியானபோது படித்துவிட்டு இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு எதிரிக்காக வைத்த காவல் இன்னும் நாலு எதிரியையும் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, அந்த முதல் எதிரியை எடுத்துவிட்டால் காவலும் போய்விடுகிறது.

அதே மரத்தில் இன்னொரு எறும்பு இனம் உண்டு, அது பக்க மொட்டையும் பூமொட்டையும் கடித்து எடுத்துவிடும், பக்கத்து மரத்து எறும்போடு கிளை தொடாமல் இருக்க. காவல் கிடைக்கிறது, ஆனால் அந்த எறும்பு குடியிருக்கும்வரை அந்த மரம் பூக்கவே முடியாது. வளர்ச்சி, பூ, காவல் மூன்றும் ஒரே மரத்தில் ஒன்றையொன்று இழுப்பதை இதைவிடக் கண்கூடாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

குமரிக்காற்று

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் போட்டிருக்கிறோம், இந்தப் பேச்சில் ரப்பரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரப்பர் பால் மனிதனுக்காக மரம் செய்தது இல்லை, பட்டையைக் கடிக்கிற பூச்சியின் வாயை ஒட்டி அடைக்க, காயத்தை மூடச் செய்தது. நாம் இரண்டு நாளைக்கு ஒரு தரம், மூன்று நாளைக்கு ஒரு தரம் பட்டையைச் சீவிச் சிரட்டை வைத்து எடுக்கிறோம். மரம் மறுபடி நிரப்புகிறது. சும்மா நிரப்பவில்லை, வெட்டு ஆரம்பித்த மரம் அதற்குப் பிறகு பருமனில் வெட்டாத மரத்துக்கு ஈடாக வராது, எங்கள் தோட்டத்தில் எல்லை ஓரமாக வெட்டாமல் விட்ட நாலு மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும். அதனால்தான் தண்டு 50 சென்டிமீட்டர் சுற்றளவு வராமல் கத்தியை வைக்காதே என்பார்கள். இலை கொட்டிப் புதுசாக விடுகிற மாசத்தில் பால் சுருங்கிவிடும், அப்போது வெட்டை நிறுத்திவிடுவோம், மரத்துக்கு அந்த நேரம் இலைதான் முக்கியம். பேராசைப்பட்டு அதிகம் வெட்டினால் பட்டையில் பால் வருவதே நின்றுபோகும்.

இதே கதை கோயில் குளத்தில், எங்கள் பக்கம் தேவாலயத்தில் புகைக்கிற குந்துருக்க மரத்துக்கும் உண்டு. எரித்ரியாவில் பிசினுக்காகக் கடுமையாகக் கீறிய மரங்களையும் கீறாத மரங்களையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வு வந்தது. கீறாத மரத்து விதை 100க்கு 80க்கு மேல் முளைத்தது, கீறிய மரத்து விதை 16கூட முளைக்கவில்லை. காவலுக்குப் போன பிசினைத் திரும்பத் திரும்ப நிரப்பியே அடுத்த தலைமுறைக்கு வைக்க எதுவும் இல்லாமல் போயிருக்கிறது. கிணற்றடி கேட்ட "காய்த்துக் களைத்ததால் எதிர்ப்பு குறைந்ததா" என்பதற்குத் தலைகீழ் உதாரணம் இது, இருந்தாலும் காவலுக்கும் காய்க்கும் செலவு ஒரே பையிலிருந்துதான் போகிறது என்று காட்டுகிறது.

(மாங்காய்ப் பாலுக்கு எங்கள் ஊரில் சொனை என்பார்கள். பறித்த கையோடு காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து வடியவிட்டால் தோலில் கறை விழாது.)

விதைக்கூடம்

ஒரே பை என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, குமரிக்காற்று அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். குந்துருக்க மரத்தில் பை காலியானது உண்மை. ஆனால் பை நிறைய இருக்கும்போதும் செடி ஒன்றைச் செய்தால் மற்றதை நிறுத்துகிறது, அதற்குக் காரணம் பை இல்லை, உள்ளே ஓடுகிற கட்டளை.

பூச்சி கடித்ததும் செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் ஊறுகிறது, பேர் நம்ம மல்லிகையால் வந்தது, அதன் உறவுக்காரப் பொருளை முதலில் மல்லிகை எண்ணெயில்தான் பிரித்தெடுத்தார்கள். அது "காவலுக்குப் போ" என்று சொல்லும்போதே ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சொல்கிற "நீளு, வளரு" என்ற கட்டளைக்குக் கடிவாளம் போடுகிறது. 2016இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஹோவ் குழுவினர் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒன்றில், காவலைக் கிளம்ப விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஐந்து மரபணுவையும் ஒளியை உணர்கிற ஒரு மரபணுவையும் முடக்கிப் பார்த்தார்கள். செடி நன்றாக வளரவும் செய்தது, புழுவையும் எதிர்த்தது, ரெண்டும் சேர்ந்து. பை ஒன்றுதான் காரணம் என்றால் இது நடக்கவே கூடாது. அப்புறம் 2018இல் இன்னும் ஒரு படி போய் காவலைப் பிடித்து வைக்கிற அதே வகை மரபணுக்களில் பத்தை முடக்கியபோது வளர்ச்சி குன்றியது, விதையும் குறைந்தது. ஆக ஓர் அளவுவரை அது கட்டளைச் சிக்கல், அதைத் தாண்டினால் உண்மையிலேயே பை காலி. ஆய்வுக்கூடத்துச் சின்னச் செடிக்கு உள்ளதை அப்படியே 22 வயது மாமரத்துக்குப் பொருத்த முடியாது, ஆனாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மாந்தோப்பில் இதே கட்டளையோடு ஏற்கனவே விளையாடுகிறார்கள். கல்டார் என்று மரத்தடியில் ஊற்றுகிறார்களே, பேக்ளோபியூட்ரசால், அது ஜிப்பரெல்லின் உற்பத்தியைத் தடுக்கிற பொருள். தளிர் நிற்கும், பூ வரும். சத்து எதையும் அது கொடுக்கவில்லை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மாற்றுகிறது.

தோப்புக்காரர்

கல்டார் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. அம்மா, வீட்டு மரத்துக்கு அது வேண்டவே வேண்டாம். மண்ணில் ரொம்ப நாள் நிற்கும், அளவு தவறினால் கொழுந்து குட்டையாகி மரம் முடங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மரம் ஒரு வருடம் காய்க்காவிட்டால் யாருக்கும் கடன் இல்லை.

கிணற்றடி

இல்லை ஐயா, ஊற்ற மாட்டேன். பாட்டிலையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை கீழே விழுந்தது கால் கூடைதான். மேலே இருக்கிற இலையில் பாதி பச்சைக்குத் திரும்ப ஆரம்பித்திருக்கிறது, தொட்டால் விறைப்பாக இருக்கிறது. தெற்குக் கிளை மட்டும் இன்னும் செம்பு நிறம், நாலைந்து பூங்கொத்து வந்ததே அதே கிளை. அதில் மட்டும் ஏன் பிந்துகிறது? அந்தக் கிளையில்தான் இந்த வருடம் ஏழு காய் நின்றது, அது காரணமாக இருக்குமா?

தோப்புக்காரர்

அதேதான். ஏழு காயைச் சுமந்த கிளை, பறித்த பிறகு துளிர்த்திருக்கிறது. ஒரு மரம் முழுக்க ஒரே முறையில் நடக்க வேண்டும் என்று இல்லை, எங்கள் தோப்பில் கிழக்குப் பக்கம் காய்த்து மேற்குப் பக்கம் துளிர்த்து நிற்கிற மரம் நிறைய உண்டு. அந்தக் கிளைக்கு அடியில் மட்டும் இன்னும் இரண்டு வாரம் துண்டு பொறுக்குங்கள். மற்ற கிளைகளில் தை மாதம் பூ பாருங்கள், படம் எடுத்து இங்கே போடுங்கள்.